ஒரே கை கட்டிய தாலிகள்

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் மூத்தோர் சங்கம் கூடும் மண்டபத்தில், பழைய வீடியோ கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் முகாம் ஒன்று அண்மையில் மூன்று சனிக்கிழமைகள் நடந்தது. முகாம் என்று பெயர் வைத்தவர் சங்கச் செயலாளர். கண் பரிசோதனைக்குக் கட்டிய பதாகையில் ஒரு வரியை மட்டும் மாற்றி மறுபடியும் கட்டியிருந்தார்கள். சனம் அரிசிப் பைகளில் கசெட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தது. இருபது வருடங்களாகக் கராஜில் ஈரம் குடித்துக் கிடந்தவை எல்லாம் திடீரென்று பொக்கிஷம் ஆகிவிட்டன. பொக்கிஷத்தின் மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது.

இயந்திரங்களைக் கவனிக்க ஆரணி என்ற பெண்பிள்ளை வந்திருந்தாள். படத்தொகுப்பில் பட்டம் பெற்றவள், என்னைவிடக் கெட்டிக்காரி. பழைய விசிஆர் எப்படி முரண்டு பிடிக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அதற்காக என்னையும் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், ஒரு வியர்டான விஷயம். இந்த மூண்டு பேற்றை வெடிங்கிலயும் தாலி கட்டுற கை ஒரே கை."

"அப்பிடியோ?"

"பெருவிரல் நகம் கறுத்திருக்கு. மூண்டு மாப்பிள்ளைக்கும் ஒரே விரல்லயா அடிபடும்? தலைமுடியைத் தூக்கிப் பிடிக்கிற ஆன்ரியும் ஒரே ஆள். பச்சைக் கண்ணாடி வளையல். யார் அங்கிள் அவா?"

தேநீர் ஆறிவிடும், பிறகு சொல்கிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற செயலாளர் புகுந்துகொண்டார். "மாஸ்டர், உந்தக் கதையைச் சங்க மலருக்கு எழுதித் தாங்கோவன். அனுபவக் கட்டுரை ஒண்டும் வரேல்லை. எல்லாரும் கவிதைதான் தந்திருக்கினம்."

மலரில் ஒரு கவிதைக்காவது இடமில்லாமல் போகட்டும் என்ற பொதுநலன் கருதி எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தேன், இரண்டு வருடம் படிப்பித்தேன். அந்த இரண்டு வருடத்துக்காக இன்றைக்கும் மாஸ்டர் என்கிறார்கள். லண்டனுக்கு வந்து, மாலை வகுப்பில் மின்னணுவியல் சான்றிதழ் ஒன்று எடுத்து, தொலைக்காட்சி திருத்தும் கடையொன்றில் கொஞ்சக் காலம் புழுதி துடைத்து, பிறகு வெம்பிளிப் பக்கத்தில் ஒரு தமிழ் வீடியோ ஸ்டுடியோவில் தொகுப்பாளர் ஆனேன். பயிற்சிக் காலம் அவ்வளவுதான். தொழிலை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு ஜப்பானியக் கைநூல். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த ஒரே தமிழன் நான்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

ஸ்டுடியோ என்று சொன்னால் பெரிதாகக் கேட்கும். முன்பக்கம் படக் கசெட்டுகள் வாடகைக்கு. பின்பக்கம் ஜன்னலில்லாத ஓர் அறை, அதில் இரண்டு தொகுப்பு இயந்திரங்கள், எழுத்துப் போடும் பெட்டி ஒன்று, கொப்பி அடிக்கும் விசிஆர்கள் ஆறு. அவற்றில் எந்த நாளும் ஒன்று பழுது.

அந்த நாட்களில் எங்கள் சனம் ஒரு வீட்டுக்குக் குடிவந்தால் கட்டிலுக்கு முதல் தொலைக்காட்சி வாங்கும். அதற்கு ஒரு துணி உறை தைத்துப் போடும். வேலைக்குப் போகிற தாய் தகப்பன் பிள்ளைகளை அதன் முன்னால் இருத்திவிட்டு, இங்கிலிஷ் படிக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். படித்தார்கள்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தாயும் சேர்ந்து பகல் நேரத் தொடர்களைப் பார்த்து இங்கிலிஷ் பழகினார். அந்தத் தொடர்களில் எப்போதும் யாராவது யாரையாவது விட்டுப் போய்க்கொண்டிருப்பார்கள். அதனால் கவுன்சில் அலுவலகத்தில் வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொல்லப் போன இடத்தில், "உன்னை நம்பினேன், நீ என்னைக் கைவிட்டாய்" என்ற தொனியிலேயே அவருக்குப் பேச வந்தது. கூரையைத் திருத்திக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் தொலைக்காட்சியின் உண்மையான வேலை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் தொடங்கும். விருந்தாளிகள் வருவார்கள். தேநீரும் பற்றிசும் வரும். பிறகு கலியாண வீடியோ போடப்படும். அது அந்த வீட்டுக் கலியாணமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ரிமோட் யாருடைய கையில் இருக்கிறதோ அவர்தான் குடும்பத் தலைவர். ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கியவுடன் வேகமாக ஓடவிடுவார்கள். ஐயரும் மாப்பிள்ளையும் கோழி கொத்துவது போல அசைவார்கள். தங்கள் முகம் வரும் இடத்தில் நிறுத்துவார்கள். அடுத்ததாக, மற்றவர்களின் கழுத்து வரும் இடத்தில் நிறுத்துவார்கள்.

இப்படி நிறுத்திப் பார்ப்பதில் ஒரு பௌதிகம் இருக்கிறது. படம் அசையாமல் நிற்கும்போது இயந்திரத்தின் தலை சுழன்றுகொண்டேதான் இருக்கும். நாடாவின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்கும். நாள் போக அந்த இடத்தில் வெள்ளைக் கீறல்கள் விழும். குரல் மட்டும் தப்பிவிடும், அது நாடாவின் ஓரத்தில் வேறு பாதையில் ஓடுவது. ஆகவே திருத்த வந்த கசெட்டைப் போட்டுப் பார்த்தால், அந்த வீட்டில் எதற்காகக் கண் ஏங்கியது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு வீட்டுக் கசெட்டில் மகளின் முகம் முழுக்கப் புதிதுபோல இருந்தது. மச்சாளின் பதக்கச் சங்கிலி மட்டும் தேய்ந்து பனி பெய்தது.

ஸ்டுடியோ முதலாளியை எல்லோரும் டைரக்டர் அண்ணை என்பார்கள். அவர் எதையும் டைரக்ட் செய்ததில்லை. ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். கழுத்தில் கோடையிலும் ஒரு மப்ளர், வாயில் ஏலக்காய். குரலை உயர்த்த மாட்டார். ஒருவரையும் ஏசமாட்டார். வாடிக்கையாளர் ஆணாக இருந்தால் "ராசா", பெண்ணாக இருந்தால் "பிள்ளை", சண்டைக்கு வந்தால் "ஐயா". கனடாவுக்கு அனுப்பிய கொப்பி அங்கே கறுப்பு வெள்ளையாக உருண்டோடுகிறது என்று யாராவது முறையிட்டால், அங்குள்ள ஒளிபரப்பு முறை வேறு, அதற்கு மாற்றியடிக்க வேண்டும் என்று விளக்கம் சொல்ல மாட்டார். "அங்கத்தைய கரண்ட் அப்பிடி ராசா" என்பார். வந்தவர் கனடாவை நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு போவார்.

எனக்கு அவர் வாயால் உத்தரவு தந்ததே இல்லை. ஒவ்வொரு கசெட்டின் மேலும் ஒரு மஞ்சள் துண்டுக் கடுதாசி ஒட்டியிருக்கும். "இருமல் - எடு." "அழுகை - பாதி." "பெரியம்மா - கூட்டு, அவாதான் கசெட்டுக்கு ஓடர் தந்தவா." எல்லாவற்றிலும் அதிகமாக வந்தது "முதுகு - எடு."

இதை விளக்க வேண்டும். எங்கள் கலியாணங்களில் கமெராக்காரன் காலை ஆறு மணியிலிருந்து எல்லாவற்றையும் எடுப்பான். செருப்புகளை எடுப்பான். வாழைக்குலையைக் கீழிருந்து மேலாக எடுப்பான், அதை மறுபடி மேலிருந்து கீழாகவும் எடுப்பான். ஆனால் தாலி கட்டும் அந்த ஒரு நிமிடத்தில், அதுவரை வெளியே அரசியல் பேசிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் ஓடிவந்து மேடையில் ஏறி, கமெராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அரிசி போடுவார்கள். கமெராவில் பதிவாவது கோட்டுகளின் பின்பக்கம். முதுகு - எடு என்றால் அதை வெட்டிவிடு. அப்போது தாலி எங்கே?

அதற்குத்தான் எங்களிடம் சாமான் டேப் இருந்தது. அதில் மேகம் இருந்தது, ரோசாப்பூ விரிந்தது, நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பியது, குத்துவிளக்குச் சுடர் ஆடியது. கடைசியில் பதினெட்டு விநாடிக்கு ஒரு கை. சவுத்தாலில் ஒரு மண்டபத்தில் நடந்த கலியாணம் அது. தற்செயலாக ஒருவரும் மறைக்கவில்லை, வெளிச்சமும் வாய்த்தது. சிவப்புக் கூறைச் சேலை, மஞ்சள் கயிறு, மாப்பிள்ளையின் இரண்டு கைகள். முதல் நாள் அவருடைய பெருவிரலைக் கார்க் கதவில் நசித்துவிட்டார்கள், நகம் கறுத்திருந்தது. மாப்பிள்ளையின் தமக்கை பச்சை வளையல் கையால் பெண்ணின் தலைமுடியையும் பூவையும் உயர்த்திப் பிடிக்கிறார். முகங்கள் இல்லை. கூறை என்றால் எல்லாம் சிவப்பு. எந்தக் கலியாணத்திலும் ஒட்டலாம்.

ஒட்டினேன். இயந்திரத்தின் உள்நுழைப்புப் பொத்தானை அழுத்தினால் குரலும் மேளமும் அப்படியே இருக்கும், படம் மட்டும் மாறும். தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, ஐந்து விநாடி முன்னோட்டம். வெட்டுத் தெரியாமல் இருக்க அரிசி பறக்கும் கணத்தில் சேர்க்க வேண்டும். நான் சேர்த்தால் தெரியாது. அந்தச் சவுத்தால் சோடி இரண்டு வருடத்தில் பிரிந்துவிட்டது. அந்த மாப்பிள்ளையின் கைகள் மட்டும் லண்டனில் பெண்பிள்ளைகளுக்குத் தாலி கட்டிக்கொண்டேயிருந்தன. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. "சனம் கலியாணத்தைப் பாக்கிறேல்லை மாஸ்டர், தன்ரை மூஞ்சையைப் பாக்குது" என்று டைரக்டர் அண்ணை சொல்வார். அவர் சொன்னதில் அதுவொன்றுதான் நூற்றுக்கு நூறு சரி.

இப்படியிருக்க, பிளேஸ்டோவிலிருந்து சிவநேசன் என்றொருவர் வந்தார். பெற்றோல் நிலையத்தில் வேலை. சென்னையில் கலியாணம் முடித்துக்கொண்டு திரும்பியவர். பெண் வதனி, வன்னியிலிருந்து தகப்பனோடு சென்னைக்கு வந்தவள். அவள் அங்கேயே விசாவுக்குக் காத்திருந்தாள், தகப்பன் ஊருக்குத் திரும்பிவிட்டார். சென்னைக் கமெராக்காரர் எடுத்த நான்கு கசெட்டுகளைச் சிவநேசன் எங்களிடம் தொகுக்கத் தந்தார். மூன்றாவது கசெட்டில் மஞ்சள் துண்டு: "முதுகு - எடு. கை - போடு." எடுத்தேன், போட்டேன். இதயங்கள் பறக்கும் தலைப்பும் வைத்தோம். சிவநேசன் அதில் ஒரு கொப்பியைச் சென்னைக்கு அனுப்பி, விசா நேர்காணலுக்குப் போகும்போது ஆதாரமாகக் கொடுக்கச் சொன்னார். மூன்று மணி நேர ஆதாரம்.

நாலைந்து மாதம் கழித்து அவர் ஒரு கடிதத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். கண்கள் தூங்காத கண்கள்.

"மாஸ்டர், விசா இல்லையெண்டிட்டாங்கள். உங்கடை வீடியோவாலயாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாசித்தேன். மனுதாரர் வதனியிடம், கணவரின் குடும்பத்தினர் யாராவது திருமணத்துக்கு வந்தார்களா என்று கேட்கப்பட்டது. ஒருவரும் வரவில்லை, கணவரின் ஒரே சகோதரி வதிவிடப் பத்திரம் இல்லாமல் வேறு நாட்டில் இருக்கிறார், வழக்கப்படி சகோதரி செய்ய வேண்டியதைத் தன் தகப்பனே செய்தார், தாலி கட்டும்போது தன் தலைமுடியைப் பிடித்தவர் அவர்தான் என்று மனுதாரர் சொன்னார். ஆனால் அவர் சமர்ப்பித்த ஒளிப்பதிவில், முடியைப் பிடிப்பது வளையல் அணிந்த ஒரு பெண்ணின் கை. தகப்பனார் அந்த இடத்தில் காணப்படவில்லை. தாலி கட்டும் ஆணின் பெருவிரல் நகம் கறுத்திருக்கிறது. அதே நாளில் எடுத்த புகைப்படங்களில் கணவரின் நகம் அப்படி இல்லை. ஆகவே இத்திருமணம் நடந்தது என்பதில் எனக்குத் திருப்தியில்லை என்று விசா அதிகாரி முடித்திருந்தார்.

கடிதத்தை மேசையில் வைத்தேன். என் தொழில் வாழ்க்கையில், நான் தொகுத்த ஒரு வீடியோவை வேகமாக ஓடவிடாமல் முழுவதும் பார்த்த ஒரே மனிதர் அந்த அதிகாரிதான். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"அது உங்கடை கை இல்லை தம்பி" என்றேன்.

"என்ன சொல்லுறியள்?"

சொன்னேன். அவர் கத்தவில்லை. தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்தார். "நான் அதை எத்தினை தரம் போட்டுப் பாத்திட்டன்" என்றார். "வேலைக்கு ஓடித் திரிஞ்சு கை கறுத்துப்போச்சு எண்டு நினைச்சனான்." பிறகு கேட்டார். "அப்ப என்ரை கை எங்க?"

அதுதான் கேள்வி. தொகுப்பு முடிந்தால் மூலக் கசெட்டுகளை நாங்கள் திருப்பிக் கொடுப்பதில்லை. மூன்று மாதம் அலுமாரியில் வைப்போம், பிறகு அவற்றின் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்வோம். புதுக் கசெட் வாங்க டைரக்டர் அண்ணைக்கு மனம் வராது. சென்னைக் கமெராக்காரர் ஒழுங்கானவர், மேலே பதியாமல் இருக்கக் கசெட்டின் முதுகிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்திருந்தார். எங்கள் நடைமுறை அந்த ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டுவது. ஒட்டிவிட்டால் இயந்திரம் ஏமாந்துவிடும். மூன்றாவது கசெட்டைத் தேடி எடுத்தபோது அதில் செலோடேப் இருந்தது. மேலே புது லேபிள்: "பிறந்தநாள், ஒரு வயது."

அதை இயந்திரத்தில் போட்டேன். சிவநேசன் என் பின்னால் நின்றார். பலூன்கள். பெரிய கேக். ஒரு வயதுப் பிள்ளை அழுதது. பத்து நிமிடம், இருபது நிமிடம், முப்பது நிமிடம். என் குறிப்புக் கொப்பியில் தாலி நாற்பத்தொன்பதாவது நிமிடம் என்று இருந்தது. நாற்பத்து மூன்றில் பிள்ளை கேக்கில் கையை வைத்தது, படம் ஒருமுறை உதறியது, சென்னை மண்டபம் வந்தது.

நாற்பத்தொன்பதாவது நிமிடத்தில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு பெரிய முதுகு திரையை மறைத்தது. நாற்பது விநாடி அசையவில்லை. அதன் வலது முழங்கை உயர்ந்தது. மணிக்கூட்டை உட்பக்கமாகக் கட்டிய ஒரு கை, பூவோடு சேர்த்து ஒரு பின்னலைத் தூக்கிப் பிடித்தது. முழங்கைக்குக் கீழே ஒரு கணம், மஞ்சள் கயிறும் இரண்டு கைகளும். நகம் சுத்தமாக இருந்தது. மேளத்துக்குள் ஒரு குரல்: "கெதியாக் கட்டுமன் தம்பி, பூ வழுக்குது."

"மாமா" என்றார் சிவநேசன்.

இவரைத்தான் நான் வெட்டி எறிந்திருந்தேன்.

மேன்முறையீட்டில் சிவநேசனுக்காக வாதாடியவர் தேவகி என்ற மலேசியத் தமிழ்ப் பெண். பேச்சில் சுற்றி வளைப்பு இல்லை. "கசெட் மட்டும் போதாது மாஸ்டர். நீங்க வந்து சொல்லணும். இல்லேன்னா இதையும் இப்பதான் செஞ்சதுன்னு சொல்லிடுவாங்க. வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன். ஆனால் முதலாளிக்குச் சொல்லாமல் போவது ஒழுங்கல்ல. மறுநாள் சொன்னேன். டைரக்டர் அண்ணை ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"நீர் படிச்சனீர். யோசியும். நீர் அங்க போய் வாயைத் திறந்தால் விஷயம் அந்த அறைக்குள்ளயே நிக்குமோ? நாளைக்கு இந்த ஊர்ச் சனம் முழுக்கத் தங்கடை கசெட்டைத் திரும்பப் போட்டு நகத்தைப் பாக்கும்."

"அண்ணை, அந்தப் பிள்ளை உண்மையைச் சொன்னதாலதான் விசா இல்லாமல் நிக்குது. நாங்கள்தான் பொய் சொன்னனாங்கள்."

"நாங்கள் எங்கை பொய் சொன்னனாங்கள்? வடிவாக் காட்டினனாங்கள்."

"அவளின்ரை தகப்பனை எடுத்துப்போட்டு வேறை ஆரையோ காட்டினனாங்கள்."

"முதுகைத்தானே எடுத்தனாங்கள்" என்றார், உண்மையாகவே மனம் நொந்து. பிறகு தன் வழக்கமான மென்மையோடு, "போறதெண்டால் போம். திரும்பி வரேக்குள்ள சாவியைக் கொண்டுவந்து தந்திட்டுப் போம்" என்றார். அதையும் மஞ்சள் துண்டில் எழுதி ஒட்டாதது எனக்கு வியப்பு.

விசாரணை அறை ஒரு சாதாரண அலுவலக அறை. சக்கரம் வைத்த மேசையில் தொலைக்காட்சியும் விசிஆரும். நடுவர் வயதான பெண்மணி, கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். எதிர்த்தரப்புக்கு ஒரு இளைஞர். அவர் என்னிடம் கேட்டார், நீங்கள் பணத்துக்காகப் பொய்யான சான்றுகளைத் தயாரிப்பவரா? நான் தயாரிப்பது சான்று அல்ல, கலியாண வீடியோ என்றேன். வித்தியாசம் என்ன? சான்றில் இதயங்கள் பறப்பதில்லை என்றேன். தேவகி என்னைப் பார்த்த பார்வையில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று எழுதியிருந்தது.

பிறகு நடைமுறையைச் சொன்னேன். உள்நுழைப்பு, தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, சாமான் டேப். நடுவர் எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் நிமிர்ந்து, இதே கையை வேறு திருமணங்களிலும் பயன்படுத்தினீர்களா என்று கேட்டார். ஆம் என்றேன். எத்தனை? எண்ணவில்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

கசெட்டைப் போட்டார்கள். தாலிக்கு நேரே ஓட்டலாம் என்றேன். வேண்டாம், தொடக்கத்திலிருந்து பார்க்கிறேன் என்றார் நடுவர். ஒரு வயதுப் பிள்ளையின் பிறந்தநாளை நாங்கள் ஒன்பது பேர் நாற்பத்து மூன்று நிமிடம் மௌனமாகப் பார்த்தோம். கேக் வெட்டும் பாட்டு முடிந்தபோது எதிர்த்தரப்பு இளைஞர் தண்ணீர் குடித்தார். படம் உதறி, சென்னை மண்டபம் வந்து, வெள்ளைச் சேட்டு முதுகு வந்து நின்றபோது நடுவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இது யாருடைய முதுகு?"

"என்ரை மாமாவின்ரை" என்றார் சிவநேசன். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

"முதுகைப் பார்த்து எப்படித் தெரியும்?"

சிவநேசன் யோசித்தார். "அண்டைக்கு அந்த மனுசனைத் தவிர ஒருத்தரும் எனக்கு அவ்வளவு கிட்ட நிக்கேல்லை."

மறுபடி ஓடவிட்டார்கள். முழங்கை உயர்ந்தது. பூ வழுக்குது என்ற குரல் வந்தது. மொழிபெயர்ப்பாளர் அதை எந்த உணர்ச்சியுமில்லாத இங்கிலிஷில் சொன்னார். நடுவர் வதனியின் நேர்காணல் பதிவை எடுத்து, ஒரு வரியின் கீழே விரலை வைத்து, திரையைப் பார்த்து, மறுபடி அந்த வரியைப் பார்த்தார். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

முடிவு சில வாரங்களில் தபாலில் வந்தது. மேன்முறையீடு ஏற்கப்பட்டது. வதனி வந்து சேர்ந்தாள். மூலக் கசெட்டைத் தேவகி அந்தத் தம்பதியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் விசாரணை நடந்த அன்று பின்னேரமே சாவியைக் கொடுத்துவிட்டேன். டைரக்டர் அண்ணை அதை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார். ஊர்ச் சனம் தங்கள் கசெட்டைத் திரும்பப் போட்டு நகத்தைப் பார்த்ததா? ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஸ்டுடியோ அதற்குப் பிறகும் பல வருடம் அமோகமாக நடந்தது. அந்தக் கையும் தாலி கட்டிக்கொண்டே இருந்தது. நான் ஒரு கல்லூரியில் ஒலி ஒளிக் கருவிகளின் பொறுப்பாளராகச் சேர்ந்து, ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லும் பேராசிரியர்களுக்கு அதன் மூடியைக் கழற்றிக் காட்டி, ஓய்வு பெற்றேன்.

ஆரணி கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். இங்கேயே நிறுத்த நினைத்திருந்தேன். ஆனால் மூன்றாவது சனிக்கிழமை சிவநேசனும் வதனியும் முகாமுக்கு வந்தார்கள். அவர் தலை நரைத்து, சொந்தமாக ஒரு கடை வைத்திருக்கிறார். கையில் இரண்டு கசெட்டுகள். ஒன்று இதயங்கள் பறப்பது. மற்றது "பிறந்தநாள், ஒரு வயது."

"மாஸ்டர், மகளுக்கு வைகாசியிலை கலியாணம். மண்டபத்திலை பெரிய திரையிலை எங்கடையையும் போட்டுக் காட்ட வேணுமாம்" என்றார் சிவநேசன். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கை வாற கசெட்டையே மாத்தித் தாங்கோ. மற்றதிலை ஒண்டும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டாக்களும் வருவினம்" என்றார்.

வழக்கில் வென்ற மனிதர் சொன்னது இது. எனக்கு வியப்பில்லை. இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு இப்படியான இடத்தில் வியப்பு வராது. வதனி பிறந்தநாள் கசெட்டைத் தன் கையால் ஆரணியிடம் நீட்டினாள்.

ஆரணி அதைப் போட்டாள். நாற்பத்து மூன்று நிமிடத்தையும் ஒரே ஓட்டமாக ஓட்டினாள். சென்னை மண்டபம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. ஐயர், மேளகாரர், வதனியின் முகம், சிவநேசனின் முகம், எல்லாம் நேற்று எடுத்தது போல. நாற்பத்தொன்பதாவது நிமிடம் வந்ததும் திரை முழுக்கப் பனி கொட்டத் தொடங்கியது. வெள்ளைக் கீறல்கள் மேலும் கீழும் ஓடின. அவற்றுக்குப் பின்னால் ஒரு முதுகின் உருவம் இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். நாற்பது விநாடியும் அப்படியே. குரல் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் வந்தது. "கெதியாக் கட்டுமன் தம்பி, பூ வழுக்குது."

"அங்கிள், இந்தப் பார்ட் முழுக்க டமேஜ்" என்றாள் ஆரணி. "ஒண்டுமே தெரியேல்லை. கட் பண்ணிவிடவா?"

சிவநேசன் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் அந்தக் கசெட் அதே இடத்தில் அத்தனை தரம் நிறுத்தப்பட்டது அவருக்கே தெரியாது என்பதை அவருடைய முகம் சொல்லியது. அவர் கடைக்குப் போயிருந்த பகல்களில் ஓடியிருக்க வேண்டும். வதனியின் தகப்பன் சென்னையிலிருந்து ஊருக்குப் போனபின் அவளை மறுபடி காணவில்லை. வன்னியில் சண்டை முடிந்தபோது அவரைப் பற்றிச் சொல்ல ஒருவரும் மிஞ்சவுமில்லை. அல்பத்தில் அவருடைய முகம் இருக்கிறது. எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருப்பார் என்று அவள் எனக்குப் பிறகு சொன்னாள்.

முகாமில் ஒவ்வொரு கசெட்டுக்கும் ஒரு படிவம் உண்டு. கடைசியில் தொகுப்பாளருக்கான குறிப்பு என்று ஒரு கட்டம். ஆரணியிடமிருந்து பேனாவை வாங்கி அதை நான் நிரப்பினேன்.

முதுகு - விடு.